மூத்த மருமகன் பொருத்திய தகடு

மே 3, புதன்

ஆயில் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி இது. எந்தப் படகு, என்ன கோளாறு, என்ன செய்தேன் என்று இருபத்திரண்டு வருஷமாக எழுதி வருகிறேன். இன்றைக்குப் படகைப் பற்றி எழுதுவதா, என் சகலையைப் பற்றி எழுதுவதா என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன.

படகு முதலில். எங்கள் சிலுவைத்துறை மீனவர் சங்கம் ஒரு மீட்புப் படகு வாங்கியிருக்கிறது. பழையதுதான், ஆனால் வேகமான சாமான். பெட்ரோல் எஞ்சின், அதன் தலையில் சூப்பர்சார்ஜர். எஞ்சின் தானாக இழுக்கிற காற்று போதாதென்று காற்றை அமுக்கி உள்ளே திணிக்கிற கருவி அது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடவே வேண்டும். குறைந்தால் எஞ்சின் இழுக்காது, அதற்கு மேலும் விரட்டினால் பிஸ்டன் உருகிப் போகும். ஜூன் பதினான்கோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கிற நேரத்தில் எல்லாப் படகும் ஒன்றாகக் கடலில் இறங்கும். அதற்குள் இது தயாராக வேண்டும்.

இனி சகலை. பெயர் ரெஜிஸ். என் மனைவி அமலியின் தங்கை ஜெனோவாவைக் கட்டியவன். சார்ஜாவில் ஆறு வருஷம் வேகப்படகு எஞ்சின் பார்த்துவிட்டு பிப்ரவரியில் ஊர் திரும்பினான். சங்கத்தலைவர் கிறகோரி அண்ணாச்சி எஞ்சின் பொறுப்பை அவனிடம் கொடுத்துவிட்டார். "சந்தியாகு, நீ டீசல்ல ராசா. இது வேற சாதி எஞ்சின்லா" என்றார். உள்ளூர் மாடு விலை போகாது.

எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை.

மே 5, வெள்ளி

மாமனார் தொம்மை மிக்கேல் பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே கச்சானில் போனவர். வள்ளம் கவிழ்கிறது என்று வயர்லெஸ்ஸில் சேதி வந்ததாம்; நான் அன்று ஊரில் இல்லை. மூன்று மணி நேரம் கழித்துக் கரையிலிருந்து ஆள் போய்ச் சேர்ந்தபோது வள்ளம் மட்டும்தான் இருந்தது. அதனால் இந்தப் படகின் மேல் மாமியாருக்குத் தனிப் பிரியம். அவர் பெயரைப் பொறித்து ஒரு பித்தளைத் தகடு செய்து படகில் வைக்க வேண்டும் என்றார்கள். பொருத்துகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ரெஜிஸிடம் கொடுக்கவில்லை என்பதைக் குறித்து வைக்கிறேன்.

போன வாரமே தூத்துக்குடியில் எழுத்து வெட்டக் கொடுத்திருந்தேன்; இன்று வந்தது. மாமியார் சொன்னது ஒரு வரி: "கடலில் மறைந்த தொம்மை மிக்கேல் நினைவாக." கீழே இடம் சும்மா கிடந்தது. இன்னொரு வரி நானாகவே சேர்த்தேன்: "பொருத்தியவர்: மூத்த மருமகன் சந்தியாகு."

வலப்பக்கம், பின்பகுதியில், படகு கட்டும்போது கரையைப் பார்த்து நிற்கிற பக்கத்தில் வைத்தேன். படகு அணைகிற ஜெட்டியில் நடக்கிற எவன் கண்ணிலும் படும். அந்த இடத்தில் ஐந்து பைசா அகலத்துக்கு ஒரு ஓட்டை, அதற்கு ஒரு சின்ன வலை. பழைய முதலாளி எதையோ மாட்டிக் கழற்றியிருப்பான். வலையைப் பிடுங்கிவிட்டு, எம்சீல் பிசைந்து ஓட்டையை நன்றாக அடைத்து, அதன் மேல் தகட்டை வைத்து நான்கு ஸ்குரூ போட்டேன். சுற்றிலும் பசை பூசி வழித்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. வேலை என்றால் இதுதான் வேலை.

மே 7, ஞாயிறு

காலைப் பூசை முடிந்து பங்குச்சாமி வந்து படகை மந்திரித்தார். ஊரே ஜெட்டியில் நின்றது. மாமியார் தகட்டைத் தொட்டு முத்தமிட்டார்கள். இரண்டாவது வரியையும் படித்தார்கள்.

பிறகு ஓட்டம். ரெஜிஸ் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓட்டினான். படகு போன போக்கைப் பார்த்து சனம் வாயைப் பிளந்தது. ஒரு கால் மணி நேரம் இருக்கும். தூரத்தில் எஞ்சின் சத்தம் மாறியது. முக்கியது, இருமியது, அப்புறம் நின்றே விட்டது. என் சினேகிதனின் வள்ளத்தில் கயிறு கட்டித்தான் இழுத்து வந்தோம். மீட்கப் போகிற படகை மீட்டுக் கொண்டுவந்தோம்.

மதியம் எல்லோருக்கும் மாமியார் வீட்டில் சாப்பாடு, சீலா மீன் குழம்பு. சீலாவின் நடுத்துண்டு யார் தட்டில் விழுகிறது என்பதை வைத்துத்தான் அந்த வீட்டில் யாருக்கு என்ன மதிப்பு என்று சொல்ல முடியும். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் அது எனக்குத்தான் விழுந்தது. பிப்ரவரியிலிருந்து அவனுக்கு. இன்று அவமானப்பட்டு வந்திருக்கிறானே, இன்றாவது முறை மாறும் என்று பார்த்தேன். "புள்ள வாடிப்போயிருக்கு" என்று சொல்லி நடுத்துண்டை அவனுக்கே வைத்தார்கள். எனக்கு வால்துண்டு.

வால்துண்டில் முள் கம்மி. அதுவும் நல்லதுதான்.

மே 9, செவ்வாய்

ரெஜிஸ் எஞ்சினில் அழுத்தம் பார்க்கிற கேஜ் மாட்டினான். சும்மா ஓடும்போது பெட்ரோல் அழுத்தம் நாற்பத்துமூன்று. சூப்பர்சார்ஜர் முழு மூச்சில் தள்ளும்போது அது ஐம்பத்தைந்து வரை ஏற வேண்டுமாம். முதல் பத்து நிமிடம் ஏறுகிறது. அப்புறம் மெல்ல மெல்ல இறங்கி முப்பதுக்குக் கீழே போகிறது.

"அண்ணே, டாங்குக்கு காத்துப் போற வென்ட் எங்கன இருக்கு? தரைய மூடி பைபர் போட்டிருக்கான், உள்ள பாக்க முடியல" என்று கேட்டான். பெட்ரோல் குறையக் குறைய டாங்குக்குள் காற்றுப் போனால்தான் பம்பு இழுக்கும். நம் விசைப்படகில் டாங்கின் காற்றுக்குழாய் டெக்கின் மேலே கைத்தடி மாதிரி வளைந்து நிற்கும். இதில் அப்படி எதுவும் காணோம். இடப்பக்கம் இரண்டு துளைகள் இருந்தன. "இந்தா, இதுல ஒண்ணாத்தான் இருக்கும்" என்றேன். அவன் குழாய் வைத்து ஊதிப் பார்த்தான். காற்று நன்றாகப் போனது.

"அப்ப வென்ட் சரியா இருக்கு. அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி அதை விட்டுவிட்டான்.

மே 12, வெள்ளி

ஃபில்டர் மாற்றினான். டாங்கில் பெட்ரோல் ஊற்றி ஓட்டினான். நன்றாக ஓடியது. ஜெனோவா என் வீட்டுக்கு ஓடி வந்து அமலியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மே 13, சனி

மறுபடியும் நின்றுவிட்டது. நான் யாரிடமும் ஓடிப் போய்ச் சொல்லவில்லை. மெல்ல நடந்து போய்த்தான் சொன்னேன்.

மே 18, வியாழன்

கொச்சியிலிருந்து புது பம்பு வந்தது. மாட்டினான், பெட்ரோல் ஊற்றினான், ஓட்டினான், அழுத்தம் ஐம்பத்தைந்து. கைதட்டினார்கள். மாலையில் இறங்கிவிட்டது. பிறகு வயரைச் சந்தேகப்பட்டான். அதற்குப் பிறகு, பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மடிக்கணினியை எஞ்சின் மேல் வைத்துக்கொண்டு அதில் கோடு கோடாய் ஏதோ பார்க்கிறான். எஞ்சினை மூக்காலும் காதாலும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்லலாம்.

உண்மையில் கேட்டான். "அண்ணே, உங்களுக்கு என்ன தோணுது?" என்றான். "எனக்கு டீசல்தான்டா தெரியும்" என்றேன். அவன் முகம் வாடியது. வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மே 24, புதன்

படகு கோளாறாகி நிற்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்று இன்று கூடப் போனேன். பதினேழாவது நிமிடத்தில் எஞ்சின் முக்கி நின்றது. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க நான்தான் டாங்க் மூடியைத் திருகினேன். திறந்ததும் உஸ்ஸென்று ஒரு சத்தம். வெளிக்காற்றை டாங்க் உள்ளே இழுத்தது. மூடியைத் திரும்பப் போட்டதும் எஞ்சின் ஒரே சாவியில் பிடித்துக்கொண்டது. ரெஜிஸ் பின்பக்கம் வயரைக் குடைந்துகொண்டிருந்ததால் சத்தத்தைக் கேட்கவில்லை. "வயருதான்ணே, வயருதான்" என்று சிரித்தான்.

சத்தத்தை இங்கே எழுதி வைக்கிறேன். அவ்வளவுதான்.

மே 25, வியாழன்

இன்று எழுத ஒன்றும் இல்லை.

மே 26, வெள்ளி

அமலியின் கிரைண்டருக்கு பெல்ட் மாற்றினேன். வாசல் குழாய்க்கு வாஷர் போட்டேன். கொல்லையில் சிமெண்ட் பெயர்ந்த இடத்தைப் பூசினேன். எம்சீல் என்பது ஒருமுறை இறுகிவிட்டால் கல்தான். உளி வைத்து அடித்தால்தான் வரும். அடித்தால் சத்தம் வரும், சத்தம் வந்தால் ஆள் வரும், ஆள் வந்தால் எதற்கு அடிக்கிறாய் என்று கேட்பார்கள்.

இது கொல்லைச் சிமெண்டைப் பற்றி எழுதியது.

மே 28, ஞாயிறு

மாமியார் வீட்டுக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அமலி மட்டும் போய்விட்டு வந்து, "அம்மா ஒங்களக் கேட்டுச்சி. ஆமா, நீங்க எதுக்கு நாலு நாளா ஜெட்டிப் பக்கம் போகல?" என்றாள். "வேலை" என்றேன். "தடைக்காலத்துல பழுது பாக்குற எடமே ஜெட்டிதானங்க" என்றாள். இவளுக்குப் பதில் சொல்லி மாளாது.

மே 30, செவ்வாய்

சங்கத்தில் கூட்டம். படகைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். கிறகோரி அண்ணாச்சி ரெஜிஸைப் பார்த்து, "ஏல, வெளிநாட்டுல என்னத்தப் படிச்ச நீ? பத்தாந்தேதிக்குள்ள சரியாவலன்னா ஆள மாத்திருவோம்" என்றார். எல்லோருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது. நான் தரையைப் பார்த்தேன். தலையை நிமிர்த்தியிருந்தால் சிரித்திருப்பேன், அதனால்தான்.

வீட்டுக்கு வந்தால் அங்கே ஜெனோவா உட்கார்ந்து அழுகிறாள். அவன் திரும்ப சார்ஜாவுக்குப் போகிறேன் என்கிறானாம். இவள் மூன்று மாதக் கர்ப்பிணி. "அத்தான், அவருக்கு யாரும் இல்ல. நீங்க ஒருவாட்டி எறங்கிப் பாருங்க. ஒங்க கைப்பட்டா சரியாயிரும்னு அவரே சொல்லுதாரு" என்றாள்.

அவனே சொல்கிறானாம்.

மே 31, புதன்

விடிந்ததும் ஜெட்டிக்குப் போனேன். தகட்டைக் கழற்றினால் கேள்வி வரும். கழற்றவில்லை. டாங்க் மூடியை மட்டும் ஒரு திருகு தளர்த்தி வைத்தேன், காற்றுப் போகிற அளவுக்கு. பார்த்தால் மூடியிருக்கிற மாதிரியே தெரியும். பெட்ரோல் ஊற்றுகிற வேலையையும் நானே வாங்கிக்கொண்டேன்.

ஒரு குடும்பம் பிழைக்கட்டும் என்று செய்தேன். எனக்கு நல்ல மனசுதான்.

ஜூன் 4, ஞாயிறு

நான்கு நாளாகப் படகு பிசகாமல் ஓடுகிறது. நேற்று ஒரு மணி நேரம் முழு வேகத்தில் போய் வந்தான். அழுத்தம் ஐம்பத்தைந்தில் ஆணி அடித்த மாதிரி நின்றதாம். கடைசியாக மாற்றிய ரெகுலேட்டர்தான் காரணம் என்று ஊரெல்லாம் பேச்சு. சங்கத்தில் அவனுக்குச் சால்வை போட்டார்கள். சாமி பிரசங்கத்தில் விடாமுயற்சிக்கு உதாரணமாக அவன் பெயரைச் சொன்னார். பீடத்துக்கு முன்னால், நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது.

வாயைத் திறந்து "நான் அல்லவா ஓட வைத்தேன்" என்று சொல்லவும் முடியாது. திருடனுக்குத் தேள் கொட்டின கதை.

மதியம் நடுத்துண்டு அவனுக்கு. அதோடு சீலாவின் தலையும் அவனுக்கு. மாமியார் என்னைப் பார்த்து, "மூத்தவருக்கு வாலுதான புடிக்கும்" என்றார்கள். எனக்கு எப்போது வால் பிடித்தது? யார் சொன்னது? பதினாறு வருஷம் நடுத்துண்டு சாப்பிட்டவனுக்கு நாலு மாதத்தில் வால் பிடித்துவிட்டதா? ரெஜிஸ் தன் தட்டிலிருந்து பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தான். "சாப்பிடுங்கண்ணே" என்றான்.

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஜூன் 6, செவ்வாய்

பெட்ரோல் டாங்க் மூடி தளர்ந்திருந்தால் ஆவி வெளியே வரும். பீடி குடிக்கிறவன் பக்கத்தில் போனால் ஆபத்து. அலை அடித்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போகும். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் மூடியை இறுக்கி வைக்கத்தான் சொல்வான். பாதுகாப்பு கருதி இன்று அதை இறுக்கிவிட்டேன்.

ஜூன் 10, சனி

பெட்ரோலை வீணாக எரிக்க வேண்டாம், இனி ஆபத்துக்கு மட்டும் எடுத்தால் போதும் என்று சங்கம் சொல்லிவிட்டது. படகு டாங்க் நிறையப் பெட்ரோலோடு கட்டிக் கிடக்கிறது. தகட்டின் மேல் வெயில் பட்டுப் பளபளக்கிறது. தூரத்திலிருந்தே என் பெயரைப் படிக்க முடிகிறது.

ஜூன் 15, வியாழன்

தடைக்காலம் முடிந்தது. விடியற்காலையில் எல்லாப் படகும் போனது. கச்சான் கொஞ்சம் பலமாகத்தான் இருக்கிறது. தூக்கம் இல்லை. கொசு.

ஜூன் 16, வெள்ளி

ரெஜிஸிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். அவன் சால்வையை மடித்து கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தான். காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 20, செவ்வாய்

பிற்பகல் இரண்டேகாலுக்கு, நனையாத கை வயர்லெஸ்ஸில் கடலிலிருந்து செய்தி வந்தது. பர்னபாசின் வள்ளம் கச்சானில் கவிழ்ந்துவிட்டது. நான்கு பேர் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார்கள். பதினைந்து கடல் மைல். பக்கத்தில் வேறு படகு இல்லை. ரெஜிஸ் இரண்டு பேரோடு மீட்புப் படகில் பறந்தான். சங்க அலுவலகத்தில் ஊரே கூடிவிட்டது. மாமியாரும் வந்து வயர்லெஸ் மேசைக்குப் பக்கத்தில் ஜெபமாலையோடு உட்கார்ந்தார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்களாம்.

இரண்டு நாற்பதுக்கு ரெஜிஸ் பேசினான். "எஞ்சின் நின்னுட்டு. அழுத்தம் எறங்கிருச்சி. ஃபில்டர் பாக்கேன், வயர் பாக்கேன், ஒண்ணும் தெரியல. தலைவரே, வேற படகு அனுப்ப முடியுமா?"

நான் உடனே வயர்லெஸ்ஸை வாங்கி, "ரெஜிஸ், டாங்க் மூடியத் தெற. தெறந்தே வச்சுக்கிட்டுப் போ" என்றேன். கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. அப்புறம் எஞ்சின் பிடிக்கிற சத்தம் அங்கிருந்து இங்கே கேட்டது.

நான்கு பேரும் கிடைத்தார்கள். மூன்று பேர் நடந்து கரை ஏறினார்கள். பர்னபாஸ் நிறையத் தண்ணீர் குடித்திருந்தார். தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

கிறகோரி அண்ணாச்சி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "கரையில இருந்துக்கிட்டே காதால கண்டுபுடிச்சிட்டானே. இவனப் போயி டீசல் மெக்கானிக்குன்னு ஒதுக்கிட்டோமே" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எஞ்சின் பொறுப்பு இனி எனக்குத்தானாம்.

ஜூன் 21, புதன்

பர்னபாஸ் இன்னும் கண் விழிக்கவில்லை.

தெருவில் போனால் ஆள் எழுந்து நிற்கிறார்கள். டீக்கடையில் எனக்கு முதல் கிளாஸ். நாலு மாதமாக நான் எதற்கு ஏங்கினேனோ அதெல்லாம் வந்துவிட்டது.

மாலையில் ரெஜிஸ் வந்தான். வாசலிலேயே நின்றான். "அண்ணே, மூடியத் தெறந்தா ஓடுதுன்னா வென்ட்டு அடைஞ்சிருக்குன்னு அர்த்தம். அன்னிக்கு நான் ஊதிப் பாத்தது குடிதண்ணி டாங்கோட வென்ட்டு. இன்னிக்கு தரை பைபர வெட்டி ட்யூபப் புடிச்சுக்கிட்டே போனேன். வலப்பக்கம் வருது." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "தகட்டுக்குப் பின்னாடி ஓட்டை ஏதும் இருந்துச்சாண்ணே?"

"ஞாபகம் இல்லை" என்றேன்.

"சரிண்ணே" என்று போய்விட்டான். சங்கத்துக்குப் போய்ச் சொல்லுவான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. திட்டியிருக்கலாம், சட்டையைப் பிடித்திருக்கலாம். ஆறு வருஷம் சார்ஜாவில் இருந்தவன் இதிலும் என்னை ஜெயித்துவிட்டான்.

ஜூன் 22, வியாழன்

பர்னபாஸ் கண் விழித்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் பத்து நிமிசம் ஆயிருந்தா கைய விட்டிருப்பேன் சந்தியாகு" என்றார்.

வீட்டுக்கு வந்து செவ்வாய்க்கிழமை எழுதியதைப் படித்தேன். "நான் உடனே வயர்லெஸ்ஸை வாங்கி" என்று எழுதியிருக்கிறேன். உடனே என்ற சொல்லை அடித்துவிட்டேன். சுவர்க் கடிகாரம் என் எதிரில்தான் இருந்தது. இரண்டு நாற்பதுக்கு அவன் பேசினான். இரண்டு நாற்பத்தொன்பதுக்கு நான் வாங்கினேன். ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடமும் நான் என்ன யோசித்தேன் என்றால், இதைச் சொன்னால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று. மாமியாரின் கையில் ஜெபமாலை உருண்டுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன்.

இன்னொன்று. மே ஐந்தாம் தேதி அடைத்தது தெரியாமல் செய்தது. ஜூன் ஆறாம் தேதி இறுக்கியது தெரிந்தே செய்தது. பாதுகாப்பு கருதி அல்ல.

எனக்குப் பொறாமை. மே மூன்றாம் தேதியிலிருந்தே. அதற்கு முன்னாலிருந்தே.

ஜூன் 25, ஞாயிறு

மாமியார் வீட்டில் எல்லோரும் இருந்தோம். அமலியும் ஜெனோவாவும் பரிமாறினார்கள். மாமியார் தன் கையாலேயே சட்டியிலிருந்து எடுத்து என் தட்டில் வைத்தார்கள். நடுத்துண்டு. கையகலத்துக்கு இருந்தது. ரெஜிஸுக்கு வால்.

"அன்னிக்கி ஒங்கள மாதிரி ஒரு ஆளு கரையில இருந்திருந்தா எங்க வீட்டுக்காரரு வந்திருப்பாரு மருமவனே" என்றார்கள்.

ரெஜிஸ் தலையைக் குனிந்துகொண்டு வால்துண்டில் முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல மாட்டான் என்று தெரிந்தது. நான் ஒரு விள்ளல் பிய்த்து எடுத்தேன். திரும்பத் தட்டிலேயே வைத்தேன்.

"அத்தை, டாங்கோட மூச்ச அடைச்சது நான்தான்" என்றேன். "மாமா தகட்ட வச்சு அடைச்சேன். அப்பத் தெரியாது. பொறவு தெரிஞ்சிச்சி. தெரிஞ்சும் சொல்லல. மூடியத் தளத்தி வச்சவனும் நான்தான். ரெஜிஸ எல்லாரும் கொண்டாடுனீங்கன்னு திரும்ப இறுக்குனவனும் நான்தான். வயர்லெஸ் முன்னால ஒம்பது நிமிசம் சும்மா நின்னேன்."

அமலியின் கையிலிருந்த கரண்டி சட்டியிலேயே நின்றுவிட்டது. ஜெனோவா புருஷனைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. அவனுக்கு முன்பே தெரியும் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

மாமியார் என்னை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் தட்டிலிருந்து நடுத்துண்டை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தின்னுங்க" என்றார்கள். "ஒரு முள்ளு மிச்சம் வைக்காமத் தின்னுங்க. தின்னுட்டுப் போயி கிறகோரிகிட்ட இத அப்படியே சொல்லுங்க. பொறவு பர்னபாஸ் வீட்டுல சொல்லுங்க. நாளைக்கு அந்த ஓட்டையத் தெறங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அந்தத் துண்டை முழுவதும் தின்றேன். என் ஆயுசில் அவ்வளவு பெரிய துண்டு சாப்பிட்டதில்லை.

கிறகோரி அண்ணாச்சி அடிப்பார் என்று நினைத்தேன். அவர் எஞ்சின் சாவியை மட்டும் திருப்பிக் கேட்டார். பர்னபாசின் மனைவி கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 26, திங்கள்

ரெஜிஸும் மாமியாரும் ஜெட்டிக்கு வந்தார்கள். ரெஜிஸ் மூடியை இறுக்கிக் கொஞ்ச தூரம் ஓட்டி வந்து கட்டியதும், தகட்டைக் கழற்றி உளியால் எம்சீலைக் கொத்தினேன். ஒரு மணி நேரம் ஆனது. அவ்வளவு நன்றாக அடைத்திருந்தேன். கடைசிக் கட்டி விழுந்ததும் உஸ்ஸென்று டாங்க் காற்றை இழுத்தது. இந்தத் தடவை ரெஜிஸும் கேட்டான்.

"தகட்ட ஒரு சாண் தள்ளி மாட்டிரலாம் அத்தை" என்று ரெஜிஸ் சொன்னான். மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "அது இருந்த எடத்துலயே இருக்கட்டும். அதுலயே ஓட்டையப் போடச் சொல்லு." என்னிடம் நேராகப் பேசவில்லை. அவனிடம்தான் சொன்னார்கள்.

துளை தகட்டில் எங்கே வருகிறது என்று ரெஜிஸ் பென்சிலால் குறித்துக் கொடுத்தான். குறித்துவிட்டு, பார்த்து, கொஞ்சம் தயங்கினான். டிரில்லை வாங்கி நானே போட்டேன். பித்தளை சுருள் சுருளாக வந்தது. மாமனார் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வரியில் "மூத்த" என்ற சொல் முழுவதும் போய்விட்டது. இப்போது "பொருத்தியவர்" என்று இருக்கிறது, அடுத்து ஒரு ஓட்டை, அடுத்து "மருமகன் சந்தியாகு".

ரெஜிஸ் என்னையும் ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தான். மூடி இறுக்கமாக. அழுத்தம் ஐம்பத்தைந்து, கடைசிவரை.

இறங்கும்போது என் கையைப் பிடித்து ஜெட்டியில் ஏற்றிவிட்டான். இன்னும் எனக்கு அவன் மேல் பொறாமைதான். எழுதி வைக்கிறேன்.